கீழவீதியில் இல்லாத அலுவலகத்துக்குக் கைக்குழந்தையோடு போவது எப்படி

பிச்சாவரம் படகுச் சவாரியைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும், இது அந்தப் பதிவு இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மடிக்கணினியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் தேடிப் போகிற அம்மாக்களுக்கானது. அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன புதன்கிழமை எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை. அன்றைக்கே மதியம் இரண்டு மணிக்கு எனக்கு இணையவழி நேர்காணல். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் குடிகாடு தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வந்து போர்வைக்குள் இருந்தார். "பக்கத்து வூட்ல இன்வெர்ட்டர் இருக்குல்ல?" என்றது போர்வை. பக்கத்து வீட்டில் ஓயாமல் குரைக்கிற இரண்டு நாய்களும் இருக்கின்றன என்பது போர்வைக்குத் தெரியாது.

வேலை என்னவென்றால், ஒரு கற்றல் செயலிக்கு உயிரியல் வினாக்கள் எழுதுவது. வீட்டிலிருந்தே செய்யலாம். விலங்கியலில் முதுகலை முடித்தவள் நான். யாழினி வயிற்றில் வந்ததிலிருந்து இரண்டு வருடம் "சும்மா" இருந்திருக்கிறேனாம், என் சுயவிவரத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் வந்த முதல் அழைப்பு இது. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் முந்தின வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. "சிதம்பரம் கீழவீதியில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில், தாய்மார்கள் வேலை செய்ய ஹால். இணைய வசதி, குழந்தைப் பராமரிப்பு உண்டு. பயன்பெறுங்கள், பகிருங்கள்." கீழே ஒரு பூங்கொத்துப் படம். நான் இருக்கும் வாட்ஸ்அப் அம்மாக்கள் குழுவில் ஒரு தடவை வந்தது. பழைய கல்லூரித் தோழிகள் குழுவிலும் வந்தது. இரண்டு பக்கமிருந்து வந்தால் உண்மையாகத்தானே இருக்கும்?

காலை 9.40க்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினேன். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் முப்பத்தெட்டு ரூபாய். காலையில் போகிறவர்கள் வலப்பக்க சீட்டில் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் கொல்லும். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது யாழினி வாந்தி எடுத்தாள். நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்ட துப்பட்டா அங்கேயே முடிந்தது. இரண்டாவது துப்பட்டா கட்டாயம் எடுத்துச் செல்லவும்.

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நடக்கிற தூரம்தான், எண்பது ரூபாய் வாங்கிவிட்டார். இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"யக்கா, நீங்களும் அங்கதானா? காலைலேந்து கொழந்தயும் பேக்குமா ரெண்டு பேர எறக்கிட்டேன். என்னாக்கா அங்க, லோன் மேளாவா?"

"இல்லைங்க, ஆபீஸ்."

"கொழந்தைங்களுக்கா?"

மாடியில் அலுவலகம் இல்லை. வரிசையாகத் தட்டச்சு இயந்திரங்கள், உறை போட்டு. வாசலில் எனக்கு முன்பே இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள். நடுவில் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"எம்மா, மூணாவது தடவ சொல்றேன். இங்க டைப்ரைட்டிங் கத்துக் குடுக்கறோம். புள்ள வளக்கற க்ளாஸ் கெடையாது."

நான் கைபேசியைக் காட்டினேன். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஷாஹினாவும் அதே செய்தியைக் காட்டினார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர். மற்றவர் ரேவதி, கிள்ளையில் இருந்தபடி கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு போட்டுத் தருகிறவர். அவர் எங்கள் அம்மாக்கள் குழுவை நடத்துகிறவரும்கூட. அவர் மட்டும் கைபேசியைக் காட்டவில்லை.

"அது வந்து... நான்தாங்க எழுதுனேன்" என்றார்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் குழுவில், "சிதம்பரத்தில் பெண்கள் உட்கார்ந்து வேலை செய்ய, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளோடு, இணைய வசதியோடு ஏதாவது இடம் இருக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்கு யாரோ, "கீழவீதி டைப்ரைட்டிங் மாடில ஹால் பகல்ல காலியாத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க" என்று சொல்லியிருந்தார்கள். ரேவதிக்கு ஒரு வழக்கம் உண்டு. நீளமான பேச்சையெல்லாம் படிக்க யாருக்கும் நேரமில்லை என்று கேள்வியையும் பதிலையும் சேர்த்து அறிவிப்பாகச் சுருக்கிப் போடுவார். அப்படித்தான் சுருக்கியிருக்கிறார்.

கேட்ட அந்த ஒருத்தி நான்தான். நூறு காலை வணக்கங்களுக்கு நடுவில் வந்த அந்தப் பதிலை நான் பார்க்கவே இல்லை. என் கேள்விதான் ஊரைச் சுற்றிவிட்டுப் பூங்கொத்தோடு எனக்கே பதிலாக வந்திருக்கிறது.

"சரி, எழுதுன நீங்க ஏன் வந்தீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"எங்க கிள்ளை குரூப்ல திரும்பி வந்துச்சுங்க. சரி, நெசமாவே ஆரம்பிச்சிட்டாங்க போலன்னு..."

"பூவு படமும் நீங்கதானா?" என்று ஷாஹினா கேட்டார்.

"அய்யோ, அது நான் இல்லீங்க."

மணி பதினொன்றேகால். எனக்கு அழுகை வந்தது. வேலை தேடும் தளத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் என்னோடு இணைந்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறார்கள். நான் போடாத பதிவுக்குக்கூட "அருமை" என்பார்கள் போல. அதில் ஒருவரால் ஒரு குழந்தையை நாற்பது நிமிடம் பிடித்துக்கொள்ள முடியுமா? அறிவுதான் இனி முதலீடு, தொடர்புகள்தான் சொத்து என்று கல்லூரியில் கருத்தரங்கமே நடத்தினார்கள். அந்தச் சொத்து எந்த மாடியில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

என் முகத்தைப் பார்த்து இன்ஸ்டிடியூட்காரர் இறங்கி வந்தார். பதினொன்றரையிலிருந்து நாலு வரை வகுப்பு இல்லை, முந்நூறு ரூபாய் கொடுத்தால் ஹாலும் ஃபேனும் வைஃபையும் தருகிறேன் என்றார். "மிஷின்ல மட்டும் புள்ளைங்க கை வைக்கக் கூடாது. ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்கறதே கஷ்டம்." ஆளுக்கு நூறு போட்டோம். குழந்தையை யார் பார்ப்பது என்று யாரும் பேசவில்லை. ரேவதி குற்ற உணர்ச்சியில் மூன்றையும் இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

நான் மாதிரி வினாக்கள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷாஹினா என் திரையை எட்டிப் பார்த்தார். இதே மாதிரி ஒரு கம்பெனியில் அவர் போன மாதம் தேர்வு எழுதி, தேறவில்லையாம்.

"கேள்விய அழகா எழுதறத வுடுங்க. தப்பான விடை மூணு குடுப்பீங்கல்ல? ஒவ்வொண்ணையும் எந்தப் புள்ள, என்னா நெனச்சு டிக் பண்ணும்னு பக்கத்துல எழுதுங்க. அதத்தான் பாக்கறாங்க. எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது."

பதிலுக்கு, அவருடைய துபாய் மாணவன் கேட்டிருந்த சந்தேகத்துக்கு, பிச்சாவரம் மரங்களின் வேர் ஏன் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மூச்சு வேரைப் படம் போட்டுக் காட்டினேன். ரேவதியின் கடைக்காரர் ஒருவருக்கு வந்திருந்த ஆங்கில வரி நோட்டீஸை ஷாஹினா படித்துச் சொன்னார். அந்த வேர் விஷயம் என் தலைக்குள் ஐந்து வருடமாக யாருக்கும் பயன்படாமல் கிடந்தது.

இரண்டு மணிக்கு நேர்காணல். முதலில் ஐந்து வினாக்கள் எழுதச் சொன்னார்கள். ஷாஹினா சொன்னபடியே எழுதினேன். அந்தப் பக்கம் இருந்த மேடம் படிக்க ஆரம்பித்தார். அந்தச் சமயம் பார்த்து 'டக் டக் டக்'. கை வைக்கக் கூடாத மிஷினில் யாழினி கை வைத்துவிட்டாள்.

"பின்னால என்ன சத்தம்?"

"டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மேடம்."

"ஓ. உங்களுக்குக் குழந்தை இருக்கு இல்லையா? வேலை நேரத்தில் யார் பார்த்துக்குவாங்க?"

இதை ஆண்களிடம் கேட்பீர்களா என்று நாக்கின் நுனி வரை வந்தது. வேலை வேண்டும் என்பதால் விழுங்கினேன். நிமிர்ந்தால், ரேவதி இடுப்பில் யாழினி, காலைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டு வாண்டுகள். ஷாஹினா பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேர் இருக்கோம் மேடம்" என்றேன். அவர்களை எனக்கு நாலு மணி நேரமாகக்கூடத் தெரியாது. பொய் சொல்கிறேனா என்று சொல்லும்போது எனக்கே தெரியவில்லை. நாலு மணிக்கு ஹாலைப் பூட்டும்போதுதான், அடுத்த புதனும் வருவோமா என்று ஷாஹினா கேட்டார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மூன்று மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். முதலில் அந்த இருவருக்கும் சொன்னேன். போர்வைக்கு அப்புறம்.

இனி வருகிறவர்களுக்கு: அதே முந்நூறுக்குப் புதன்கிழமை மட்டும் ஹால் தர இன்ஸ்டிடியூட்காரர் சம்மதித்திருக்கிறார், பதினொன்றரைக்கு முன் போனால் வாசலில் நிற்க வேண்டும். பாய், பிஸ்கட், குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்து வாருங்கள். வைஃபை ஜன்னல் ஓரம்தான் எடுக்கும். எங்களில் யாருக்கும் கணினி பழுது பார்க்கத் தெரியாது, தெரிந்தவர்கள் வந்தால் நல்லது. எதுவும் தெரியாது, வேலையும் இல்லை என்றாலும் பரவாயில்லை, வாருங்கள். யாழினி இப்போது ஓட ஆரம்பித்துவிட்டாள், இரண்டு கை போதவில்லை.