எனெதினா வீட்டிலிருந்து தோருன் கிளம்பிய நாள்

எங்கள் சலமான்காவில் ஸ்பானிய மொழி படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்தே பத்தொன்பது வருஷம் ஓட்டியவள் எனெதினா. என் பழக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ரயில்வேயில் இருந்த கணவர் இறந்து நாளாகிறது. அறுபத்து மூன்று வயது, மூட்டுவலி, கூர்மையான நாக்கு. பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் அவளைப் பார்க்க முடியாது. "சந்தைக்குப் போறேன், சாவியைக் கடையில குடுத்துட்டுப் போ" என்று சொல்லி இறங்கிவிடுவாள். வழியனுப்புவது என்றாலே அவளுக்கு எரிச்சல்.

மூன்று வாரம் என்று நார்வேயிலிருந்து வந்த தோருன், ஒன்பது மாதம் இருந்தாள். மொழி சீக்கிரம் வந்துவிட்டது. ‘நீங்க’ மட்டும் வரவில்லை. அவள் ஊரில் எல்லாருக்கும் ‘நீ’தானாம். பாதிரியாரிடம் "நீ நல்லா தூங்கினியா?" என்பாள். வங்கி மேலாளரிடம் "நீ இங்க கையெழுத்துப் போடு" என்பாள். வகுப்பில் யாரோ திருத்திய அன்றைக்கு, என் கடைப் பூனையை "நீங்க உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். எனெதினா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்குத் தலைநகர் மத்ரீத் போகும் பஸ். காலையில் கூடையை எடுத்த எனெதினாவைத் தோருன் வாசலிலேயே மறித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போகணும். நீயும் வா."

"நீ என்ன மந்திரியா? ஊர்வலம் போகப்போறியா?"

அவள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. இருபத்து மூன்று பேர்! கறிக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரி, முடிவெட்டுகிறவள், லாட்டரிச் சீட்டு விற்கிறவர். போன இடமெல்லாம் எங்கள் ஊர் வழக்கப்படி கன்னத்தில் இரண்டு முத்தம், உட்கார ஒரு நாற்காலி, ஒரு கதை. கறிக்கடைக்காரர் இறைச்சி வைத்த பெரிய ரொட்டி ஒன்றைக் கொடுத்தார். சுமந்தது எனெதினா. என் கடைக்கு வரும்போது மணி பதினொன்றரை. நான் ஒரு பை செர்ரிப்பழம் நீட்டினேன்.

"நீங்களுமா?" என்று என்னைப் பார்த்தாள் எனெதினா. "அந்த பஸ் என்ன இவங்க அப்பன் வீட்டு பஸ்ஸா?"

பட்டியலில் கடைசிப் பெயர், இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி தோன் எவெலியோ. எனெதினாவும் அவரும் பேசி ஆறு வருஷம். அவள் காயப்போட்ட துணியிலிருந்து அவர் பூச்செடிகள் மேல் தண்ணீர் சொட்டியதற்கு, அவர் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருந்தார்.

"அந்த ஆள் வாசலை நான் மிதிக்கமாட்டேன்."

"சரி, நீ படியில நில்லு."

தோருனின் பெட்டியை நான் மேலிருந்து இறக்கிக்கொண்டிருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது. கதவு திறந்தது.

"எவெலியோ, நான் ஊருக்குப் போறேன். எனக்குப் புத்தகம் குடுத்தே, நன்றி. நீ நல்ல ஆளு. ஆறு வருஷமா இவ துணி சொட்டுது, ஆறு வருஷமா நீ கோவமா இருக்கே. ரெண்டு பேரும் நிறுத்துங்க."

ஊரே ‘தோன்’, அதாவது ‘ஐயா’, என்று சேர்த்து அழைக்கும் மனிதர். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. படியில் நின்றவளைப் பார்த்தார்.

"இவளுக்கு மரியாதை சொல்லிக்குடுத்தது நீங்கதானா?"

"பாடம் சொல்லிக்குடுத்தவங்களைப் போய்க் கேளுங்க! நான் பருப்பு வேகவெச்சுப் போட்டதோட சரி."

"மூணு செடி செத்துப்போச்சு, தெரியுமா?"

"நீங்க தண்ணி ஊத்தாம செத்ததுக்கு என் போர்வை என்ன பண்ணும்?"

நடுவில் நின்று தோருன் அழுதாள், சிரித்தாள். பத்து நிமிஷம் போன பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தவர் நீதிபதிதான்.

"பன்னண்டு மணி பஸ்ஸா? இன்னும் இங்க நின்னு என்ன பண்றீங்க? கார்ல ஏறுங்க!"

மீதியை எனெதினா திரும்பி வந்து சொன்னாள். ஓட்டுநர் கதவை மூடப்போகிற நேரம். தோருன் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை. "போடி, போய்த் தொலை. இறங்கினதும் போன் பண்ணு" என்று இவள்தான் உள்ளே தள்ளிவிட்டாளாம்.

"அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"அழறதுக்கு அந்த மனுஷன் விட்டாத்தானே? பஸ் போற வரைக்கும் பக்கத்துல நின்னு செடியைப் பத்தியே பேசறாரு!"

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கே மூன்றாம் மாடி பால்கனியும் இரண்டாம் மாடி பால்கனியும் சண்டை போடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியேறிப் போய் அவள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைவு என்று என் கடையில் வந்து புகார் செய்கிறார்.