ஆயில் ஒழுகிய வண்டியும் என் பவுடர் டப்பாவும்

வண்டியை விற்கப்போகிறேன் என்று என் மகன் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி மேல் எனக்கென்ன ஆசை? வண்டி போனால் கையோடு அவனும் போய்விடுவான், அதுதான் பயம். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை இருக்கிறது, நீ எப்போது வருகிறாய் என்று அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவன் போன் போட்டுக்கொண்டே இருந்தான். "வண்டிய வித்துட்டா அடுத்த வேல பிளைட்டுதான்" என்று இவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பழைய டாக்சிதான், ஆனால் சொந்த வண்டி. காலையில் அணுபுரத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் விடுவான். அப்புறம் மாமல்லபுரத்தில் போய் நிற்பான், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாராவது கூப்பிடுவார்கள். சாயங்காலம் மறுபடி ஸ்டேஷன். எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரோடு போடப் போட ரோடு உயர்ந்து, எங்கள் வாசல் பள்ளத்துக்குப் போய்விட்டது. காலையில் வண்டி ஒரு உறுமு உறுமித்தான் மேலே ஏறும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

மழை விட்ட சமயம் அது. வாசல் பெருக்கும்போது வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டு கிடந்தது. மறுநாள் அது தோசை அளவு ஆனது. பிஸ்கெட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் போட்டு வைத்தேன். காலையில் அட்டை நனைந்து கிடக்கும். அவன் டப்பாவிலிருந்து ஆயிலை ஊற்றுவான், அது வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு போகும். வண்டிக்குள் தீய்ந்த வாடை வருகிறது என்று அணுபுரத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்களாம்.

எங்கள் ஊர் டச்சுக் கோட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஷெட் வைத்திருப்பவன் என் மகனோடு ஒன்றாகப் படித்தவன். அப்போதிருந்தே இரண்டு பேரும் மச்சான், மச்சான்தான். அந்த முறைக்கு நான் அவனுக்கு அத்தை. "பொண்ண பெத்துக் குடுக்காத அத்த" என்று இன்றைக்கும் என்னை வம்புக்கு இழுப்பான். அவன்தான் வந்து எங்கள் வாசலில் கோணியைப் போட்டுப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பின்னாடி ஆயில் சீலு பூடுச்சு மச்சான். கியர்பாக்ஸ எறக்கணும். எறக்கிட்டா கிளட்சையும் பார்த்துடணும். அப்பால உள்ள இன்னா இன்னா கீதோ, தொறந்தாதான் தெரியும்."

சீல் என்றால் என்ன என்று பிறகு மகனிடம் கேட்டேன். இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்டு வெளியே வருகிற இடத்தில் ஆயில் வழியாமல் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் வளையமாம். குக்கர் மூடிக்குப் போடுகிற கேஸ்கட் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். குக்கருக்கு என்றால் மூடியைத் திறந்து மாற்றிவிடலாம். இதற்குப் பாதி வண்டியைக் கழற்ற வேண்டுமாம்.

"போன வருசம் ஏசி. தீவாளிக்கு முன்னாடி டயரு. இப்போ இது. பேஜாரா பூடுச்சும்மா. எனக்கு வோணாம்" என்றான். அவன் பெண்டாட்டி கல்பாக்கத்தில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவளும் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்காத நேரம் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

எனக்கு எங்கே வாய் வரும்? பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்து வருகிறவள் நான். பெற்ற பிள்ளைதான், ஆனாலும் போகாதே என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவன் சட்டையைத் துவைக்கும்போது சட்டையிடம் சொன்னேன்.

நெம்மேலியில் ஒரு ஆள் வண்டியைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கே மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காது குத்து. நானும் மகனும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் வண்டியைக் கோட்டைப் பக்கம் திருப்பினான்.

"மச்சான், கொஞ்சம் கழுவி வுடு. சாயங்காலம் ஆளு வரான்."

"ஒழுவறத மறைக்க சொல்றியா?"

"டேய், ஒழுவுதுன்னு போன்லயே சொல்லிட்டேன்டா. கருப்பா அப்பிகினு கீது, அசிங்கமா கீது, அதுக்குதான்."

"பொண்ணு பார்க்க வராங்கோ, மூஞ்சி கழுவி வுடுன்றே. வா அத்த, குந்து" என்று எதிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்த ஒரு சீட்டைத் தட்டிக் காட்டினான். நான் போய் ஓரமாக உட்கார்ந்தேன். கடல் காற்றில் கருவாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

அவன் பானெட்டைத் தூக்கி, டீசலைத் தொட்டுத் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே வந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"மச்சான், இங்க வா. மேலயும் கீதுடா."

"இன்னா மேல?"

"ஆயிலு. சீலு கீழ கீது. இங்க மேல இவ்ளோ தடியா அப்பிகினு கீது. ஆயிலு இன்னா பல்லியா, செவுரு ஏற?"

"அன்னிக்கு நீதான பின்னாடி சீலுன்னு சொன்ன?"

"அன்னிக்கு கீழ படுத்துகினு பார்த்தேன். இன்னிக்கு நின்னுகினு பாக்கறேன். கோச்சிக்காத."

மேலேயிருந்து வருகிறது என்றால் எதையும் இறக்க வேண்டாம் என்பது எனக்கே புரிந்துவிட்டது. மெக்கானிக் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நல்லா காய வெச்சு, மேல பவுடர தூவி, இன்ஜின ஓட வுட்டா போதும். எந்த எடத்துல ஈரம் மொதல்ல வருதோ அங்கதான் ஒழுவுது. மூஞ்சிக்கு போடற பவுடரு இருந்தா போதும். கீதா?"

"என்னாண்ட ஏதுடா பவுடரு?"

"என்னாண்டயும் இல்ல. நம்ம அழகுக்கு எதுக்குன்னு வாங்கறதில்ல."

எதிர்க் கடை மத்தியானத்துக்கு மூடியிருந்தது. மெக்கானிக்கின் வீடு புதுப்பட்டினத்தில். அங்கே யாரிடமாவது இருக்கும், போய்விட்டு வரட்டுமா என்று கேட்டான். "வுடு மச்சான், நேரம் ஆயிடும். கழுவினது போதும், மூடு" என்றான் என் மகன். பானெட் மேல் கையையும் வைத்துவிட்டான்.

என் மடியில் கைப்பை இருந்தது. பைக்குள், கைக்குட்டையில் சுற்றி, மல்லிகை வாசனைப் பவுடர் டப்பா இருந்தது.

அதை எப்படிச் சொல்லுவேன்? என் வீட்டுக்காரர் போனபோது பூவை எடுத்தார்கள், பொட்டை எடுத்தார்கள். பவுடரை யாரும் வந்து எடுக்கவில்லை, ஆனாலும் அதுவும் சேர்ந்து போனதாகத்தான் கணக்கு. நான்தான் விடவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது உள்ளங்கையில் கொஞ்சம் தட்டிக் கழுத்திலும் முகத்திலும் தடவிக்கொண்டு, வெள்ளை தெரியாதபடி முந்தானையால் துடைத்துவிடுவேன். யாராவது வாசனை பிடித்துக் கேட்டால் வேர்க்குருவுக்கு என்று சொல்ல வேண்டும் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு மண்டபத்துப் பாத்ரூமில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கொண்டு போனேன். அங்கே ஒரே கூட்டம், முடியவில்லை.

என் மகன் பானெட்டை இறக்கப் போனான். நான் எழுந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். டப்பாவை நீட்டினேன். மெக்கானிக்தான் முதலில் பார்த்தான்.

"யம்மாடி! அத்த! இத வெச்சுகினா இவ்ளோ நேரம் கம்முனு குந்திகினு இருந்த?"

என் மகன் திரும்பி டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எம்மா, நீ பவுடரு போடுவியா?"

"வேர்க்குருவுக்கு" என்றேன்.

"ஆமாமா, வேர்க்குரு" என்றான் மெக்கானிக். "மண்டபத்துல எல்லாரும் புள்ளய வுட்டுட்டு உன்னியே பார்த்துகினு இருந்தாங்களாமே, மெய்யாலுமா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

டப்பாவைத் தட்டித் தட்டி இன்ஜின் பக்கமெல்லாம் தூவினான். எனக்கு ஒரு மாதம் வரும் பவுடர், ஒரே தூவலில் முக்கால்வாசி போய்விட்டது. வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டார்கள். சூடு ஏற ஏற மல்லிகை வாசனையும் டீசல் வாடையும் கலந்து ஷெட் முழுக்கப் பரவியது. ரோட்டில் போகிற ஒருவர் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனார். இன்ஜின் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச முடியவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. அம்மா தாயே, மேலேயே இருக்கட்டும், மேலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தான். "அத்த, இங்க வா. உன் பவுடரு, நீயே பாரு."

பானெட்டுக்குள் நான் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. மேலே ஓரத்தில் ஒரு ஒயர் போய்ச் சொருகியிருந்த இடத்திலிருந்து, அழுத கண்ணில் மை வழிந்த மாதிரி, கறுப்பாக ஒரு கோடு மட்டும் கீழே இறங்கியிருந்தது. வேறு எங்கும் ஈரம் இல்லை. அந்தக் கோடுதான் வழிந்து வழிந்து, கடைசியில் பின்பக்கம் போய்ச் சொட்டியிருக்கிறது.

ஒயர் சொருகியிருந்த சின்ன சாமானைக் கழற்றினான். சென்சார் என்றார்கள். அதன் கழுத்தில் சுண்டுவிரல் மோதிரம் போல ஒரு ரப்பர் வளையம். அதுவும் ஒரு சீல்தானாம். விரலால் நிமிண்டியதும் வறட்டி மாதிரி ஒடிந்துவிட்டது.

"இதுக்காடா கியர்பாக்ஸ எறக்கறேன்னு சொன்ன?" என்றான் என் மகன்.

"எறக்கினனா? இன்னும் எறக்கலையே. அதுக்கு சந்தோசப்படு."

டப்பாக்களைத் துழாவி அதே அளவில் புது வளையம் ஒன்றை எடுத்து, ஆயில் தொட்டு மாட்டி முடுக்கினான். மிச்சப் பவுடரையும் தூவி மறுபடி ஓடவிட்டார்கள். இந்தத் தடவை வெள்ளை வெள்ளையாகவே நின்றது. நான் போய்ச் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இனிமே நெம்மேலி ஆளாண்ட கெத்தா வெல கேக்கலாம் மச்சான். ஒழுவாத வண்டி."

"ஆமால்ல" என்றான் என் மகன்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒழுகுகிற வண்டியையே ஒருவர் கேட்டார். ஒழுகாத வண்டியை விடுவாரா? நானே பவுடர் போட்டுச் சிங்காரித்து அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிட்டதே என்று இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நைனா."

"இன்னாம்மா?"

"பவுடரு தீந்து பூடுச்சு."

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தான். "வாங்கியாறேன்மா" என்றான்.

நெம்மேலிக்காரர் சொன்னபடி பைக்கில் வந்தார். சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், அட்டையை இழுத்துப் பார்த்தார். நான் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் டீ போட்டுக்கொண்டு காதை வெளியே வைத்திருந்தேன்.

"ஒழுவுதுன்னு சொன்னியே, புதுசா ஒரு சொட்டுகூட காணோமே?"

"சின்ன சீலுதான் சார். மாத்தியாச்சு."

"வண்டில இன்னா பூ வாசன?"

"அது... இன்ஜினு."

"நல்லாதான் கீது. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறேன். காலைல ஆள அனுப்பி எடுத்துக்கறேன்."

சர்க்கரை போட்டேனா, இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டேன்.

"காலைலயா?" என்றான் மகன். "காலைல முடியாது சார். அணுபுரத்துல ஆளுங்க நிப்பாங்கோ, ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவணும்."

"செரி, அப்போ மத்தியானம்."

"மத்தியானம் மாமல்லபுரத்துல நிக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல சார். விக்கல. உங்கள வீணா அலைய வுட்டேன், கோச்சிக்காதீங்கோ."

டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நெம்மேலிக்காரர் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். "ஆயா, டீ பாயசமாட்டம் கீதே" என்றார். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் போனார். குவைத்துக்காரனுக்கு ராத்திரி என் மகன் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டதாக மருமகள் வந்து என்னிடம் சொன்னாள். ஏன் மனசு மாறியது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வண்டி உறுமிக்கொண்டு ரோட்டில் ஏறியது. அட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பழைய கறைதான், கையில் ஒட்டவில்லை. இருந்தாலும் திரும்ப அங்கேயே போட்டு வைத்தேன்.

சாயங்காலம் அவன் வரும்போது பெரிய பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்தான். அணுபுரத்து ஆட்கள் வண்டியில் ஏறியதும், மல்லிப்பூ கட்டி வைத்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். "எங்கம்மா பவுடரு" என்று சொன்னானாம். அதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.