பேரை வெட்டச் சொன்ன இன்பமேரி

இன்பமேரிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள்; பாத்திரம் கழுவுவாள். மூணாறுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்காரர்களுக்கும் அவள் கோபம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவள் நிறையவே பாத்திரம் கழுவினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. மே மாதத்தோடு அவளுக்கு ஓய்வு. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறார்களே, அந்த மஸ்டரில் வீட்டு ஆள் ஒருவர் பேர் இருக்கும்வரைதான் வீடு. இன்பமேரியின் அம்மா ஓய்வு பெற்றபோது அந்த இடம் இவளுக்கு வந்தது. இன்பமேரியின் இடம் யாருக்குப் போகும்? புருஷன் அமிர்தநாதன் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். புதிதாக எஸ்டேட்டில் சேரும் வயதைத் தாண்டிவிட்டார். மிச்சம் ஒரே மகள் செல்வப்பிரியா. அவளோ கோட்டயத்தில் வரலாற்றில் எம்.ஏ. முடித்து வந்திருந்தாள்.

படிப்பு எதற்கு என்று லயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது. அமிர்தநாதனுக்கு அது சர்க்கார் உத்தியோகத்துக்கு. மகள் கேரளா பி.எஸ்.சி. பரீட்சை எழுதி ஏதாவது ஓர் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும். மூணாறு குளிரில் ஃபேன் எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு யூனியன்காரர் ஆறுமுகசாமிக்கு அது நியாயம் பேசுவதற்கு. "படிச்ச பிள்ளை மஸ்டர்ல நின்னாத்தான் மேனேஜரு ஒழுங்கா பதில் சொல்லுவாரு" என்பார். இன்பமேரிக்கு ஒரே பதில்தான். "எம் மக கொழுந்தெடுக்க மலை ஏறக் கூடாது. அதுக்குத்தான் படிக்க வச்சேன்." செல்வப்பிரியாவை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அவளுக்குக் கோட்டயத்திலேயே ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். ஆனால் வீட்டில் எந்நேரமும் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் காலை யாரிடமும் சொல்லாமல், அம்மாவுக்கு முன்னாலேயே மஸ்டருக்குப் போய், அவள் இடத்துக்குத் தன் பேரைக் கொடுத்துவிட்டாள்.

இன்பமேரி போய்ச் சேர்ந்தபோது மகள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். முடிச்சு தப்பு. நாலு பேர் முன்னால் இன்பமேரி அதை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டு, அன்று முழுக்க மகளுக்குப் பக்கத்து நிரையிலேயே கொழுந்தெடுத்தாள்.

சாயங்காலம் பாத்திரங்கள் உருண்டன.

"இதுக்குத்தான் இம்புட்டு வருசம் படிச்சியாடி?"

"வீடு போயிரும்லம்மா. வயசான காலத்துல எங்க போய் நிப்பீங்க?"

"எங்க பாட்ட நாங்க பாத்துக்கிருவோம். நீ இங்கருந்து தப்பிக்கணும்னுதான படிக்க வச்சேன்?"

"நான் தப்பிக்கப் படிக்கலம்மா" என்றாள் செல்வப்பிரியா. "எனக்குப் படிக்கப் பிடிச்சிருந்துச்சு. லைப்ரரில உக்காந்தா சோறே மறந்துரும். வேலைக்கு ஆகுமா, எதுக்கு ஆகும்னு நான் நெனைக்கவே இல்ல." சொல்லிவிட்டு, திருடி அகப்பட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்பமேரி கையில் சட்டி அப்படியே நின்றது. பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்யலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பாவமாக இருந்தது. பிடித்ததை இத்தனை வருஷம் பெற்றவளிடமே ஒளித்து வைத்திருக்கிறதே இந்தப் பிள்ளை.

மறுநாள் எஸ்டேட் ஆபீசில் மலையாளி கிளார்க் ஜிபி முன்னால் போய் நின்றாள்.

"எம் மக பேரை வெட்டிருங்க சார்."

"சேச்சி, ஆலோசிச்சுத்தானே சொல்றீங்க? வீடு ஒழிஞ்சு கொடுக்கணும்."

"தெரியும்."

"மகளுக்கு வேற ஜோலி கிடைச்சுதா?"

"இல்ல சார். அவளுக்குப் படிக்கப் பிடிச்சிருக்கு."

ஜிபி மஸ்டர் ஏட்டைத் திறந்து அந்தப் பேரை வெட்டினான்.

அமிர்தநாதன் பல நாள் அவளோடு பேசவில்லை. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் போடிநாயக்கனூரில் தன் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டைப் பிடித்ததும் அவர்தான்.

ஜீப்பில் கட்டிலும் சட்டிபானையும் ஏறின. லயத்தைத் திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இன்பமேரி பார்க்கவில்லை. ஆனாலும் வழியெல்லாம் அழுதாள். போடிமெட்டு தாண்டி வளைவுகளில் வண்டி இறங்க ஆரம்பித்தபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, வரலாறு வரலாறுங்கிறியே. அதுல அப்பிடி என்னதான் இருக்கு?"

செல்வப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவே கேக்குறியாம்மா?"

"சொல்லு. போடி போய்ச் சேர நேரம் கெடக்கு."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அமிர்தநாதன் கையை நீட்டி, ஜீப்பில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.