பத்துப் புளியங்கொட்டை

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார். பூசணிக்காய் உடைக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் மிளகாய்ச் சரம், எல்லாம் உண்டு. சீட் பெல்ட் மட்டும் ஆகாது. போடாவிட்டால் வண்டி கீ கீ என்று கத்தும். அதன் வாயை அடைக்க, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொள்வார். பெரிய கெட்டிக்காரத்தனம்! சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஓவியக் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள், போன மாதம் அம்மாபேட்டையில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தாள். பழைய லாரி சீட்டு ஒன்று. எதிரே நான்கு கண்ணாடிப் பெட்டிகள்: பாம்பு, பேய், இடி, ரோடு. கையில் பத்துப் புளியங்கொட்டை தருவாள். எதற்கு எவ்வளவு பயமோ அவ்வளவு போட வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினால், நம் பக்கத்தில் எது எத்தனை பேர் உயிரைக் கொண்டுபோகிறதோ அந்த அளவுக்குப் பெட்டிகளில் விளக்கு எரியும்.

இவர் பாம்புக்கு ஏழு, பேய்க்கு மூன்று போட்டார். மாதம் முழுக்க ரோட்டிலேயே கிடக்கிற மனுசன், ரோட்டுக்கு ஒன்றுகூடப் போடவில்லை! சீட்டில் உட்கார்ந்தவர், பழக்க தோஷம், பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு ஜம்மென்று சாய்ந்தார். ரோட்டுப் பெட்டி கண் கூச எரிந்தது. பாம்புக்கு மினுக்கென்று கொஞ்சம். பேய்ப் பெட்டி இருட்டாகவே கிடந்தது.

"பாத்தியா சாமி, பின்னால மாட்டுனாலும் லைட்டு எரியுதல்லோ!" என்றார் மகளிடம். கூட்டமே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்காகத்தானுங்கப்பா இதையே செஞ்சேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். அவளிடம் வேறு பத்துக் கொட்டை வாங்கி, அத்தனையும் ரோட்டுப் பெட்டியில் கொட்டினேன்.

"ஏம்புள்ள, மளிகைக் கடையத் தாண்டி நீ எங்கயும் போறதில்ல. உனக்கு ரோட்டுல என்ன அத்தன பயம்?"

"நீங்க அங்கதானுங்களே இருக்கறீங்க."

அவர் முதுகுப் பக்கம் கையை விட்டு பெல்ட்டைக் கழற்றினார். விளக்குகள் அணைந்தன. நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து மாட்டினார். ரோட்டுப் பெட்டி மறுபடி எரிந்தது. உள்ளே என் பத்துக் கொட்டையும் பளிச்சென்று தெரிந்தன. வரிசையில் ஆள் நின்றும் அவர் எழுந்திருக்கவில்லை.