பல்ப் இல்லாத மைக்ராஸ்கோப்

மும்பை செம்பூரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சங்கரேஸ்வரிக்கு ஒன்பது வருட வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியா உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு நாற்பது ஸ்லைடு வரும். அவள் கண்ணுக்குத் தப்பிய கிருமி கிடையாது. கூடத்தில் இதை நம்பாத ஒரே ஆள் அவள்தான்.

அதற்காக அவளைக் குறை சொல்கிறவர்கள் முதலில் அவளுடைய நேர்முகத் தேர்வை விசாரிக்கட்டும். கூடத்தின் தலைவர் டாக்டர் மகாதேவன், வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காக்காரர். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துச் சிரித்தார்.

"தாராவியா? பரவாயில்லையே! ஒண்ணு பண்ணும்மா, உன் ரிப்போர்ட்டை இன்னொருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கொஞ்ச நாளைக்குத்தான்."

அவளோடு வேலைக்குச் சேர்ந்த மற்ற இருவருக்கு அந்த நிபந்தனை இல்லை. அவர்கள் வீடு தாராவியில் இல்லை. கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நிபந்தனை பழக்கமாகி, பழக்கம் பயமாகிவிட்டது. இன்னொருவர் பார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டை அனுப்ப அவள் கை வராது. மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த மாதவுக்கு ஸ்லைடில் ரத்தம் தடவக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அவனிடமும் "ஒரு தடவ பாத்துரு தம்பி" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் உட்காருவது அடுத்த அறையில். கம்ப்யூட்டரில் அவள் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் கீழும் 'சரிபார்த்தவர்: மாதவ்' என்று ஏறியது.

நடுவில் நிர்வாகம் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. தகுதி இருந்தும் தகுதியில்லை என்று நினைப்பது மனதின் கோளாறாம். தினமும் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்ல வேண்டுமாம். கோளாறை உண்டாக்கியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

இந்த ஜூனில் பிரிவுத் தலைவர் பதவி காலியானது. விண்ணப்பப் படிவம் மாதவுக்குப் போயிற்று. மூன்று வருடமாக மூத்தவளின் வேலையையே சரிபார்க்கிறவன் அல்லவா!

சங்கரேஸ்வரிக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் இந்தக் கதையில் மிகப் பெரிய அநியாயம்.

அந்த வாரம் மைக்ராஸ்கோப் பழுதுபார்க்கும் முகம்மது ஹனீப் வந்து, மாதவின் மேசையில் புது பல்பைப் பொருத்தினார்.

"எரியுதுல்லா, பெறவு எதுக்கு மாத்துதிய?" என்று அந்தப் பக்கம் வந்த சங்கரேஸ்வரி கேட்டாள்.

"எங்கக்கா எரிஞ்சிச்சு? பழச நான்தானே கழட்டிட்டுப் போனேன். பதினோரு நாளாச்சு. ஸ்பேர் இன்னைக்குத்தான் கிடைச்சிச்சு."

பதினோரு நாள். நானூறு ஸ்லைடுக்கு மேல். எல்லாவற்றையும் மாதவ் 'சரிபார்த்து' வைத்திருந்தான். நேராக அவனிடம் போய்க் கேட்டாள்.

"அரே அக்கா, நீங்க பார்த்தப்புறம் நான் என்னத்தைப் பார்க்கறது? உங்க ஸ்லைடுல தப்பே வராதே! முதல் மாசத்தோட பார்க்கறதை விட்டுட்டேன்."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

"அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா, பாவி!"

பதினோரு நாள் ஸ்லைடுகளையும் தட்டில் அடுக்கி மகாதேவனின் மேசையில் வைத்தாள். "இத மாதவ் பாக்கல சார். யாருமே பாக்கல. நீங்களே பாருங்க."

அவர் பத்து பார்த்தார். முப்பது பார்த்தார். ஒரு தப்பாவது சிக்காதா என்று அறுபது வரைக்கும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

"கொஞ்ச நாள்னு நீங்கதான் சொன்னிய சார். ஒம்பது வருசமாச்சு. அது முடிஞ்சிட்டா, இல்லியா? எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அடுத்து விண்ணப்பப் படிவம் கேட்டாள். அங்கேயே, அவர் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிரப்பினாள்.

ஆகஸ்டில் பதவி அவளுக்கு வந்தது. எல்லோருக்கும் பேடா இனிப்பு கொடுத்த மகாதேவன், "இவளை நாமதான் வளர்த்துவிட்டோம்" என்றார்.

"வளத்தியளா?" என்றாள் சங்கரேஸ்வரி. "ஒம்பது வருசம் குனியவச்சிருந்திய சார்."

பேடா அவள் கையிலேயே இருந்தது.