மலை ஏறிய கடல்

இருமுகிற கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய் எண்ணெய்ச் சாயத்தில் படம் வரையலாமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேதான் வரைந்தேன்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் எங்கள் லயத்து வீடு. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற திறந்த திண்ணை. மகன் உறங்கும் பகல் நேரங்களில் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு பலகையில் நிலவொளிக் கடலை வரைந்தேன். பாடசாலையில் உயர்தர வகுப்பில் சித்திரம் படித்தவள் நான். ஆனால் கடலைப் பார்த்தது ஒரே முறை, பாடசாலைச் சுற்றுலாவில், அதுவும் உச்சி வெயிலில். நிலவை எனக்குத் தேயிலை மேல்தான் தெரியும். நனைந்த இலைகளில் அது மினுங்குவதை அப்படியே தண்ணீரில் போட்டேன். கருநீலம் ஈரமாக இருக்கும்போதே மகனின் பழைய பெனியன் துண்டால் துடைத்து, அந்த இடத்தில் வெள்ளையை இழுத்தேன். நிலவு இறங்கி வந்தது.

சாயம்தான் காயவில்லை. எங்கள் மழைக்கும் மூட்டத்துக்கும் துணியே காயாது. எல்லா வீட்டாரையும் போல நாங்களும் குழந்தைத் துணிகளை அடுப்புக்கு மேல் கொடியில் போடுவோம். படத்தையும் அங்கேயே ஆணியில் மாட்டினேன். கொடியில் கிடந்த மகனின் சட்டை ஒன்று அதில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை அந்தச் சட்டை மாமியார் கையில். அதன் முதுகில் என் நிலவு.

“புள்ளைக்கு இழுப்பு. இதுல இந்த நாத்தம் வேறயா? மொதல்ல அத வெளிய வீசு!”

“வீச மாட்டேன், மாமி.”

அவரை எதிர்த்து நான் பேசியது அதுவே முதல் தடவை. ஆனாலும் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினேன். சாயம் கரைக்கும் டர்பன்டைன் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன்.

“அதையும் தள்ளி வைங்க. அடுப்புப் புகையிலயும் புள்ளைய வைக்காதீங்க” என்றார் வைத்தியர்.

வீட்டில் வந்து சொன்னேன். அடுப்பை வெளியே வீசும்படி யாரும் சொல்லவில்லை.

படம் இஸ்தோப்புக்குப் போனது. குழந்தை அறைக்குள், கதவைச் சாத்தி. இருமல் குறைந்தது. புகை விலகியதாலா, சாயம் விலகியதாலா, யார் சொல்வது?

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் நாத்தனார் தீபாவளிக்கு வந்தாள். தினமும் கடலைப் பார்ப்பவள்.

“ஐயோ அண்ணி, கடல் இப்பிடியா மேல ஏறும்? அது தட்டையால்ல கெடக்கும்! இதுல கூடைய மாட்டிக்கிட்டுக் கொழுந்து பறிக்கலாம் போலயே!”

“வேல வாங்குற கங்காணிய எங்க காணோம்?” என்றார் என் கணவர்.

பார்த்தேன். உண்மைதான். அலைகள் தேயிலை வரிசைகளாய் வளைந்து வளைந்து நிலவு வரை ஏறியிருந்தன. மலையில் வளர்ந்த என் கண் தூரத்தையெல்லாம் உயரத்தில் வைத்திருக்கிறது. சுரண்டிவிடலாமா என்று கத்தியை எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன்.

“ஏறட்டும். இங்கருந்து பாத்தா கடல் ஏறத்தான் செய்யும்.”

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. “மழை விடுற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள காயலன்னா பலகை அடுப்புக்குத்தான்.”

இன்னும் விரலில் ஒட்டுகிறது. நேற்று நிலவில் ஒரு பூச்சி சிக்கியிருந்தது.

வாசகர்களே, குளிரும் மூட்டமும் உள்ள ஊரில், அடுப்பும் இல்லாமல், குழந்தையின் மூச்சுக்குப் பக்கத்திலும் போகாமல் எண்ணெய்ச் சாயத்தைக் காய வைப்பது எப்படி? தெரிந்தால் எழுதுங்கள். முதலில் கேட்ட கேள்விக்கும் பதில் இருந்தால், அது என்னைக் கண்டிக்கும் பதிலாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கடலைத் தட்டையாக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.