தாக் சாங்யூவின் மார்பு

ஐம்பத்தேழாம் வயதில் தாக் சாங்யூவுக்கு மார்பு வந்தது. கூரியரில் வந்தது. எடை நான்கு கிலோ.

சிலிக்கோனில் வார்த்த சட்டை அது. உடம்பில் பவுடர் பூசி, தலைவழியே மாட்டி, முதுகு ஜிப்பை இழுத்துவிட்டால் தோளில் இரண்டு முலாம்பழம், நெஞ்சில் இரண்டு பலகை, வயிற்றில் சாக்லெட் பாளம் போல ஆறு கட்டம். சாங்யூ கொரியாவின் தேகு நகரில் முப்பது வருஷம் வீடு வீடாகக் குனிந்து தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மனைவி எட்டு வருஷம் முன்பு போய்விட்டாள். ஏன் போனாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியில் பதில் தெரியும் என்பது அவர் முடிவு.

இப்போது மார்பு வேண்டியிருந்தது பியோ ஒக்ரானுக்காக. மூன்றாம் சந்தில் தொட்டுக்கைக் கடை வைத்திருக்கும் விதவை, மூன்றாம் சந்து மலையேற்றச் சங்கத்தின் பொருளாளர். சாங்யூவை "அண்ணே" என்று கூப்பிடுவாள். நம்மூரில் ஒரு பெண் அண்ணே என்றால் ஆண்பிள்ளையின் கதை அங்கே முடிந்தது. தேகுவில் அங்கேதான் ஆரம்பம்.

மார்பு கைக்கு வந்துவிட்டது. வெளியே அணிந்து போகும் தைரியத்தைத்தான் எந்தக் கூரியரும் கொண்டுவருவதில்லை. அதைச் சாங்யூ படிப்படியாக, ஒரு விஞ்ஞானியின் ஒழுங்கோடு வளர்த்தார். முதல் வாரம் குளிர்பெட்டிக்கு முன் நின்றார். குளிர்பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம், விடியற்காலையில் எச்சில் குப்பை கொட்டப் போனார். ஒரு பூனை திரும்பிப் பார்த்தது; அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் லிஃப்டில் அடுக்ககக் காவலாளி எதிர்ப்பட்டான்.

"ஐயா, நெஞ்செல்லாம் வீங்கிக் கெடக்கே! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

தைரியம் பதினைந்து நாள் பின்வாங்கியது. பிறகு பேருந்தில் பட்டையைப் பிடித்து, கை விறைக்க நின்று பயணம் செய்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து, "தாத்தா, உக்காருங்க" என்றாள். அந்த மார்புடன் உட்கார்ந்தால் வயிற்றுக் கட்டங்கள் மடிந்து தாடையை முட்டும். ஆகவே வேண்டாம் என்று நின்றார். உட்கார மறுக்கும் ஆண்மகன் என்ற எண்ணம் அவருக்கே பிடித்துப்போயிற்று. மறுநாள் ஒக்ரானின் கடைக்குப் போனார்.

"அட, சாங்யூ அண்ணே! தோளு எப்ப இப்படி ஆச்சு? என்னதான் சாப்புடுறீங்க?"

"உங்க கடை சோயா முளைதான்."

"பொய்யி! அதையேதான் நானும் தின்னுறேன். எனக்கு இடுப்புலல்ல சேருது!" என்று சிரித்து, முளைக்கறி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

அந்த ஒரு கரண்டியில் ஐந்து வாரப் பயிற்சி முழுமை பெற்றது. அவள் சொல்லாமலே இருபது கிலோ கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தார். வீட்டுக்குப் போய் இடுப்பில் வலிப் பட்டி ஒட்டிக்கொண்டு மூன்று நாள் கிடந்தார். தூக்கிய கையோடு ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வந்திருந்தார்:

"இந்த வருஷ மலைப்பூசை முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே. காத்திருக்கேன்" என்றாள் அவள்.

மார்ச் மாதம் மலைச்சாமிக்குப் பன்றித்தலை வைத்து, அதன் வாயில் காணிக்கை நோட்டைச் செருகிக் கும்பிட்டால்தான் அந்த வருஷம் யாரும் வழுக்கி விழமாட்டார்கள். அதற்கான கூட்டத்தில் சங்கத் தலைவர் மெங் தோசிக் ஒரு பையைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அறுபத்திரண்டு வயதிலும் மார்பு சொந்தமானது. பைக்குள்ளிருந்து இளிக்கும் ரப்பர் பன்றித்தலை ஒன்று வந்தது.

"முந்நூறு கிராம்தான். நாறாது. கழுவி வச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆச்சு."

ஒக்ரான் கொதித்தாள். "மலைச்சாமிக்கு ரப்பரா? ரப்பரக் காட்டி யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?"

சாங்யூ எழுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே மேடைப்பேச்சு அதுதான். போலி என்பது ஒரு சமூகத்தின் புற்றுநோய் என்றார். இன்றைக்குப் பன்றி, நாளைக்கு மனுஷன் என்றார். "போலியத் தொட்டாலே எனக்குக் கொமட்டும்!" என்று முடித்தபோது நெஞ்சில் அறைந்துகொண்டார். தொப்பென்று ஒரு சத்தம் வந்தது. பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். தோசிக் மட்டும் கைதட்டாமல் அந்த நெஞ்சையே சற்று நேரம் பார்த்திருந்தார்.

"நிஜத்தலை ஏழு கிலோ வரும். யாரு தூக்குறது?" என்றார்.

"அண்ணன் இருக்காரே!" என்றாள் ஒக்ரான்.

பூசை நாள் காலையில் குளிர் காதை அறுத்தது. எல்லோரும் பஞ்சு மேலங்கியில் வந்தார்கள். சாங்யூ, கட்டங்கள் தெரியவேண்டும் என்பதற்காக, கழுத்துவரை மூடிய மெல்லிய சட்டையில் வந்தார். முதுகில் அவித்த பன்றித்தலை. கசாப்புக்காரர் வாயை நன்றாக இழுத்துச் சிரிக்க வைத்துக் கொடுத்திருந்தார். பையிலிருந்து இரண்டு காதும் எட்டிப் பார்த்தன. பின்னால் ஏழு, முன்னால் நான்கு. சிலிக்கோன் மூச்சு விடாது. பாதி மலையிலேயே வியர்வை உள்ளே குளமாகி, அவர் நடக்க நடக்கக் களக் களக் என்றது.

"என்ன சத்தம் அது?" என்றார் தோசிக்.

"தண்ணி பாட்டிலு."

"மாத்திக்கலாமா? மூஞ்சி வெளுத்திருக்கு."

"எனக்கா? நான் இன்னொரு தலையும் தூக்குவேன்!"

பூசைப் பாறைக்குப் பத்தடி இருந்தபோது சாங்யூ மரம் போலச் சாய்ந்தார். பை வாய் திறந்தது. பன்றித்தலை வெளியே வந்து, இரண்டு தரம் துள்ளி, சிரித்த முகம் மாறாமலே சரிவில் உருண்டு பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. "ஐயோ!" என்று பதினெட்டுப் பேரும் அலறினார்கள், பன்றிக்காக. நாலு பேர் அதன் பின்னால் ஓடினார்கள். மனிதனிடம் ஓடிவந்தவள் ஒக்ரான் ஒருத்திதான். அந்தப் பெருமையைச் சாங்யூவால் கொஞ்ச நேரம்கூட வைத்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அவள் கையில் கிம்ச்சி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது.

"காத்து படணும். சட்டைய வெட்டுறேன்."

"வெட்டாதீங்க" என்றார் சாங்யூ, கண்ணைத் திறக்காமல்.

சட்டையை வெட்டினாள். கீழே தோல் இருந்தது. தொட்டாள். கிள்ளினாள். மீன் பணியாரத்தின் வெளிறிய நிறம், செத்த மீனின் குளிர்ச்சி. அவள் கை நின்றது.

"வெட்டும்மா" என்றார் பின்னால் நின்ற தோசிக், மிகுந்த அன்போடு. "ரத்தம் வராது."

வெட்டினாள். ரத்தம் வரவில்லை. விலாப்பக்கத்து வெட்டின் வழியே இரண்டு கிண்ணம் வியர்வை வந்தது. அதற்கப்புறம், அவித்த கோழிபோல் சுருங்கி வெளுத்து, பவுடர் சேறு அப்பிய தாக் சாங்யூவின் சொந்த நெஞ்சு வந்து, குளிரில் நடுங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் கூடச் சிரித்துத் தப்பித்திருப்பார். மரியாதையாக ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். யாரோ ஒருவர் மரியாதையாகப் படம் எடுத்தார்.

ஓடிய நாலு பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். நல்ல நேரம் முடியக் கால் மணிதான் பாக்கி. மேசையில் அரிசிப் பணியாரம் இருந்தது, கருவாடு இருந்தது, தலைக்கான தட்டு காலியாக இருந்தது.

"ரப்பர் வேணாம்னு பேசினது யாரு?" என்றார் தோசிக்.

எல்லோரும் போர்வையைப் பார்த்தார்கள். ஒக்ரான்தான் குனிந்தாள். மார்பை எடுத்து, அரிசிக் கள் ஊற்றிக் கழுவி, வெட்டு விழுந்த பக்கம் பின்னால் போகும்படி மேசையில் நிமிர்த்தி வைத்தாள். கழுத்து ஓட்டை வாய் போலத் திறந்திருந்தது. முதல் நோட்டைச் சுருட்டி அதில் செருகியவளும் அவள்தான், பத்தாயிரம் வொன். பதினெட்டுப் பேரும் தோசிக்கும் ஆளுக்கு இரண்டு தரம் நெற்றி தரையில் பட விழுந்து, மார்பைப் பார்த்து உடல்நலம் வேண்டினார்கள்.

"பெரியவரே, நீங்க மட்டுந்தான் பாக்கி" என்றாள் ஒக்ரான்.

பெரியவரே. சாங்யூ அதைக் கேட்டுக்கொண்டார். போர்வையோடு எழுந்துபோய் மண்டியிட்டு, நெற்றியைப் பனித்தரையில் வைத்தார். தலை தூக்கியபோது மார்பு அவருக்கு மேலே கம்பீரமாக நின்றது. வாய் நிறையப் பணம்.

பூசை முடிந்தது. கள்ளும் கருவாடும் தீர்ந்தன. ஒக்ரான் மார்பைத் துடைத்து, தொட்டுக்கை டப்பாக்களோடு தன் பையில் மடித்து வைத்தாள்.

"கழுவிக் காயவச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆச்சு" என்றாள் தோசிக்கிடம். பிறகு நினைவு வந்தவளாய்த் திரும்பினாள். "ஆமா, பெரியவரே, பூசை முடிஞ்சதும் ஏதோ சொல்லணும்னீங்களே?"

சாங்யூ போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"மடிக்கறதுக்கு முன்னால பவுடர் போடுங்க" என்றார். "இல்லேன்னா ஒட்டிக்கும்."